கடற்கரையிலிருந்து மலைக்கு: உதகையில் வேலையும் ஓய்வும்



உதகை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூன்றாம் ஆண்டுச் சுற்றுலாதான். ஏரியில் படகு, தாவரவியல் பூங்காவில் குரூப் போட்டோ, வீட்டுக்கு ஒரு பாட்டில் தைலம், ஒரு பொட்டலம் வர்க்கி, திரும்பி வரும் பஸ்ஸில் பாட்டுக்குப் பாட்டு. அத்தோடு உதகை முடிந்துவிடும்.

ஆனால் டிப்ளமோ கையில் வந்தபின் கதை வேறு. "ஊட்டியில ஒரு ஹோட்டல்ல மெயின்டனன்ஸுக்கு ஆள் கேக்கறாங்க, போறியாப்பா?" என்று யாராவது கேட்பார்கள். செங்கல்பட்டு வெயிலில் வெந்துகொண்டிருக்கும் நமக்கு ஊர்ப் பெயரைக் கேட்டாலே குளுகுளு என்று இருக்கும். சம்பளம் என்ன, எத்தனை மாதத்துக்கு வேலை என்று கூடக் கேட்காமல் தலையாட்டி விடுவோம்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். மலையில் ஒரு வேலை கிடைத்துவிடும். முதல் மழைக்காலத்தைத் தாண்டி அங்கே நிற்பதுதான் கடினம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. மலைக்குப் போகிறவர் உயரம் தெரிந்து காலை வைக்கவேண்டும். அதற்கு உயரம், பருவம், ஓய்வு என்ற மூன்று பாடங்களைப் படித்தாக வேண்டும்.

1. பாறை ஒன்று, காற்று வேறு

முதலில் ஒரு நல்ல செய்தி. நீலகிரி நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. நம் மாவட்டத்துப் பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கும் கருநீலச் சாயல் கொண்ட கடினப் பாறைக்குச் சார்னக்கைட் என்று பெயர். புவியியல் மாணவர்கள் உலகம் முழுக்க அந்தப் பெயரைப் படிக்கும்போது பல்லாவரத்தையும் சேர்த்துப் படிக்கிறார்கள். நீலகிரி மலைத்தொகுதியும் பெரும்பாலும் அதே சார்னக்கைட் பாறைதான். கால் வைக்கும் கல் ஒன்று. சுவாசிக்கும் காற்றுதான் வேறு.

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். மாமல்லபுரம் கடற்கரையில் 101 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம் உதகையில் சுமார் 77 ஆகக் குறைந்துவிடுகிறது. அதாவது நம் ஊர்க் காற்றில் நான்கில் மூன்று பங்குதான் அங்கே. போன முதல் இரண்டு மூன்று நாள் படியேறினால் மூச்சு வாங்குவதும், லேசாகத் தலை வலிப்பதும் அதனால்தான். தண்ணீர் நிறையக் குடித்து, முதல் நாளே ஓடியாடாமல் இருந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

உடம்பு பழகிவிடும். இயந்திரம் பழகாது! அங்கேதான் நம் படிப்புக்கு வேலை.

சமையல்: உதகையில் தண்ணீர் 92 அல்லது 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக நேரமாகும். அறை எடுத்துத் தங்குகிறவர் முதலில் வாங்கவேண்டியது பிரஷர் குக்கர், கம்பளி இரண்டாவது.

பம்ப்: காற்றழுத்தம் தாங்கும் நீரின் உயரம் கடல்மட்டத்தில் 10.3 மீட்டர். உதகையில் அது 7.9 மீட்டர்தான். இங்கே 7 மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சும் மையவிலக்கு பம்ப், அங்கே சுமார் நாலரை மீட்டருக்கு மேல் போனால் முரண்டு பிடிக்கும். "மோட்டார் ஓடுது சார், தண்ணிதான் வரலை" என்று ஹோட்டல்காரர் சொன்னால் உடனே மோட்டாரைக் கழற்றாதீர்கள். உறிஞ்சு குழாயின் உயரத்தை அளந்து பாருங்கள்.

டீசல் ஜெனரேட்டர்: டர்போ இல்லாத டீசல் என்ஜின் இங்கே 100 குதிரைத்திறன் தந்தால், உதகையில் 75 முதல் 80 வரைதான் தரும். அதே லோடைப் போட்டால் கரும்புகை கக்கும். டர்போ உள்ள என்ஜினில் இந்த இழப்பு குறைவு. குளிர்காலக் காலையில் பேட்டரியும் சோம்பல் படும்.

மின்சாதனங்கள்: சாதாரண மோட்டார்களும் மின்மாற்றிகளும் 1,000 மீட்டர் உயரம் வரைக்குமென்றே தரப்படுத்தப்பட்டவை. அதற்கு மேல் மெல்லிய காற்று சூட்டைச் சரியாக எடுத்துப் போகாது. காற்று இடைவெளியின் மின்காப்புத் திறனும் குறையும். பெயர்ப்பலகையைப் படிக்காமல் வேலையைத் தொடங்கக்கூடாது. மாமல்லபுரத்திலும் கல்பாக்கத்திலும் உப்புக்காற்று பேனலைத் துருப்பிடிக்க வைக்கும். மலையில் மூடுபனி பேனலுக்குள் புகுந்து வியர்வையாய்ப் பூக்கும். அதனால்தான் அங்கே பேனலுக்குள் சிறிய ஹீட்டர் வைக்கிறார்கள்.

இந்தக் கணக்குகள் எல்லாம் நம் பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். நேர்முகத் தேர்வில் "எங்க ஊர்ல ஓடற பம்ப் இங்க எவ்வளவு உறிஞ்சும்னு கணக்குப் போட்டேன் சார்" என்று சொல்கிற பையனுக்கும், சும்மா கைகட்டி நிற்கிற பையனுக்கும் உள்ள வித்தியாசத்தை மேனேஜர் அறிவார்.

2. எங்கே வேலை இருக்கிறது?

சுற்றுலாப் பயணி கண்ணுக்குப் படகும் குதிரையும்தான் தெரியும். ஊரின் உண்மையான தொழில்கள் சற்று உள்ளே தள்ளி இருக்கின்றன.

தேயிலை ஆலைகள்: நீலகிரியின் முதுகெலும்பு இதுதான். சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளுக்கு 1965 முதல் இண்ட்கோசர்வ் என்ற இணையம் இருக்கிறது. தனியார் ஆலைகளும் ஏராளம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் தொடங்கிய அரசுத் தோட்டத் திட்டம், 1976-ல் டான்டீ என்ற கழகமாயிற்று. ஆலைக்குள் இலையை வாட்டுவது, நறுக்கி உருட்டுவது, நிறம் மாறவிடுவது, உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது என்று ஐந்து கட்டம். சுமார் நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தேயிலை. வாட்டும் தொட்டிக்கு விசிறி, நறுக்கும் இயந்திரத்துக்குப் பல் தீட்டிய உருளைகள், உலர்த்திக்குச் சூடான காற்று. மழை நாளில் இலை நனைந்து வந்தால் விறகும் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவைக் குறைக்கத் தெரிந்த டிப்ளமோக்காரருக்கு அங்கே மரியாதை உண்டு.

புனல் மின்சாரம்: பைக்காரா மின்நிலையம் 1932-ல் வந்தது. 900 மீட்டருக்கும் மேற்பட்ட நீர் உயரம்; நாம் படத்தில் வரைந்து மார்க் வாங்கிய பெல்டன் சக்கரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் உதவியோடு எழுந்தவை குந்தா மின்நிலையங்கள். மின்வாரிய வேலைக்குத் தேர்வு வழிதான் நுழைய முடியும். ஆகவே அறிவிப்பை விடாமல் பார்த்து வரவேண்டும்.

தொழிற்சாலைகள்: அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை நூறாண்டு கடந்தது. 2021 அக்டோபர் முதல் அது மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இருக்கிறது. கேத்தியில் 1949 முதல் ஊசித் தொழிற்சாலை. நம் அம்மாக்கள் துணி தைக்கும் ஊசி மலையில் பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மலை ரயில்: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், உதகைக்கு 1908-லும் பாதை திறந்தது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 16 சுரங்கம், சுமார் 250 பாலம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம். என்ஜினின் பற்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மாமல்லபுரம் அந்தப் பட்டியலில் 1984-லேயே சேர்ந்துவிட்டது. ஆக, பாரம்பரிய ஊரிலிருந்து பாரம்பரிய ரயிலேறிப் போகிறோம்!

சிவில் மாணவர்களுக்கு: மலையில் வீட்டைவிட முக்கியமானது வீட்டைத் தாங்கும் தடுப்புச் சுவர். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம்தான் பல சுவர்களைச் சாய்க்கிறது. ஆகவே நீர் கசியும் துளைகளும், பின்னால் சரளைக்கல் வடிகாலும் இல்லாத சுவர், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சுவரே அல்ல. கட்டடத்தின் உயரத்துக்கும் இடத்துக்கும் கடுமையான விதிகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்ட பிறகே அங்கே பிளான் போடவேண்டும்.

எந்தத் துறையானாலும் முதலடி தொழிற்பழகுநர் பயிற்சிதான். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி டிப்ளமோ முடித்தவர் டெக்னீஷியன் அப்ரண்டிஸாக ஓராண்டு பயிற்சி பெறலாம். தென்மண்டல வாரியம் நம் பக்கத்திலேயே தரமணியில் இருக்கிறது. அந்த ஓராண்டில் மலையின் எல்லாப் பருவங்களையும் உதவித்தொகையோடு பார்த்துவிடலாம். இதைவிட நல்ல ஒத்திகை வேறென்ன வேண்டும்?

3. பருவக் கணக்கு

இனி முக்கியமான பாடம். உதகை ஹோட்டல்களுக்கு ஏப்ரல், மே முதல் சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். டிசம்பர் கடைசியில் விடுமுறைக் கூட்டம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கூட்டம் வடிந்துவிடும். செங்கல்பட்டில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. மலையிலோ ஆனியிலேயே ஆரம்பித்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது!

மெக்கானிக்கல் முடித்த ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் ஒரு ஹோட்டலில் மாதம் 16,000 ரூபாய்க்குச் சேர்கிறார். ஜூனில், "அப்புறம் சொல்லி அனுப்புறோம் தம்பி" என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் மறுபடி கூப்பிடுகிறார்கள், பிறகு டிசம்பர். மொத்தம் 5 மாதம், 80,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 6,667. அவருடைய நண்பர் ஒரு தேயிலை ஆலையில் 11,500-க்குச் சேர்ந்து பன்னிரண்டு மாதமும் வேலை பார்க்கிறார். அவருக்கு 1,38,000. பெரிய சம்பளம் யாருக்கு? இவை கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகள்தான். ஆனால் வகுக்கும் முறை எல்லோருக்கும் பொது. மலையில் மாதச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். வருடச் சம்பளத்தைக் கேளுங்கள்.

ஹோட்டல் வேலையே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. கொதிகலன், ஜெனரேட்டர், லிப்ட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மழைக்காலத்துக்கு இரண்டாவது ஏற்பாடு கையில் இருக்கவேண்டும். தண்ணீர் ஹீட்டர் பழுது பார்ப்பது, பம்ப் சர்வீஸ் என்று ஊர் மக்களுக்குத் தேவைப்படும் வேலையைக் கற்றவருக்கு ஜூலை மாதமும் சோறு போடும். சுற்றுலாப் பயணி இறங்கிப் போனாலும் ஊர்க்காரர் வீட்டில் வெந்நீர் வேண்டுமல்லவா?

ஒரே ஆலையை நம்பி வாழ்நாளைக் குத்தகைக்கு விடுவதும் ஆபத்து. உதகையின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் நிறுவப்பட்ட மத்திய அரசு நிறுவனம். அங்கே வேலை என்றால் பெண் தேடி வருவார்கள். 1990களில் நலிந்தது, டிஜிட்டல் படம் வந்தபின் பிலிமுக்கே மவுசு போயிற்று, கடைசியில் ஆலை மூடிவிட்டது. மலையில் மட்டுமா இப்படி? நம் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. மறுபடி வருவதாக 2024-ல் அறிவித்தார்கள். நடுவில் வீட்டு வாடகை நிற்குமா? ஆலை போகலாம், கைத்தொழில் போகாது. பிலிம் ஆலையில் பிலிம் மட்டும் தெரிந்தவரைவிட, அங்கிருந்த குளிர்சாதனத்தையும் பம்பையும் சேர்த்துப் படித்தவருக்குத்தான் மறுவேலை எளிது.

4. ஓய்வு என்பது வீண்பொழுது அல்ல

மலைக்குப் போன பையன்கள் திரும்பி வருவதற்குச் சம்பளம் மட்டும் காரணமல்ல. மாலை ஆறு மணிக்கு இருட்டிக் குளிர் இறங்கியதும், அறையில் தனியாக உட்கார்ந்து, "நம்ம பசங்க இப்ப பீச்சுல வாலிபால் ஆடிட்டிருப்பானுங்க" என்று நினைக்கிற அந்த நினைப்பு இருக்கிறதே, அதுதான் ஆளைப் பெட்டி கட்ட வைக்கிறது.

நமக்குப் பொழுதுபோக்கு இலவசமாகவே வாய்த்தது. மணலில் பந்து, கொளவாய் ஏரிக்கரைக் காற்று, கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கு. மலையில் அதைத் தேடித்தான் எடுக்கவேண்டும். செலவில்லாமல் எடுக்க வழிகள் இருக்கின்றன.

நடை: தாவரவியல் பூங்காவுக்கு 1848-ல் அடித்தளமிட்டவர் மக்ஐவர். மே மாதக் கூட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்பவர்கள், கூட்டமில்லாத பனிக்காலக் காலையில் ஒருமுறை போகட்டும்.

அறிவியல்: முத்தோரையில் மலைச்சரிவில் ரேடியோ தொலைநோக்கி ஒன்று 1970 முதல் இயங்குகிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அந்தச் சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ ஒன்றே, 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். மலையோடு சண்டை போடாமல் மலையையே கருவியாக்கிய அந்தப் பொறியியலை, முன் அனுமதி பெற்றுப் போய் ஒருமுறை பாருங்கள்.

ஆட்டம்: மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிடும். 2022-ல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்த ஊர் மாமல்லபுரம். அந்த ஊர்க்காரர் மூட்டையில் ஒரு சதுரங்கப் பலகை இல்லாமல் மலையேறலாமா? டீக்கடை பெஞ்சில் பலகையை விரித்தால், நீங்கள் யாரையும் தேடிப் போகவேண்டாம். நண்பர்கள் தாமாகவே எட்டிப் பார்ப்பார்கள்.

மலையேற்றம்: இதில் மட்டும் வீரம் வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளில் வழிகாட்டியுடன் கூடிய மலையேற்றத் திட்டம் தொடங்கியது. அந்த வழியில் போவதே முறை.

வண்டி: கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து பெட்ரோல் மிச்சம் பிடிப்பது சாவுக்குப் போடும் சீட்டு. தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்கவேண்டும். இரவில் வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நிற்கலாம்.

5. ஊரார் மனத்தில் இடம்

நீலகிரி காலி மலையல்ல. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடியினரும், படுகர் மக்களும் வாழும் பூமி. கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாக இரும்புவேலையும் மண்பாண்டமும் செய்தவர்கள். நம் ஒர்க்‌ஷாப்புக்கு மூத்த அண்ணன்மார். நம் மாவட்டத்து இருளர்கள் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவதைப் பார்த்திருக்கிறோம். வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நச்சுமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷம் அங்கே எடுக்கப்படுகிறது. நீலகிரிச் சரிவு இருளர்களின் பேச்சும் வழக்கமும் வேறு. "எங்க ஊர்லயும் இருளர் இருக்காங்க" என்று பேச்சைத் தொடங்கலாம்; "எல்லாம் ஒண்ணுதானே" என்று முடிக்கக்கூடாது.

தோடர் மந்துக்குள் கேட்காமல் நுழைவது, பெண்களைப் போட்டோ எடுப்பது, பிளாஸ்டிக் பையை வீசுவது, இந்த மூன்றும் சுற்றுலாக்காரர் பழக்கம். வாழப் போகிறவர் இவற்றை ஊரிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். பெரியவர்களை ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள். படுக மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். தவறாகச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். அந்தச் சிரிப்பில்தான் ஊர் உங்களைச் சேர்த்துக்கொள்ளும்.

6. புறப்படும் முன் விடை எழுதிப் பார்க்க

(அ) இந்த வேலை வருடத்தில் எத்தனை மாதம்? எழுத்தில் தருவார்களா?
(ஆ) வருட வருமானத்தை 12-ஆல் வகுத்தால் என்ன வருகிறது? அதில் வாடகை, குளிர்த்துணி, ஊருக்கு வந்துபோகும் செலவு போக மிச்சம் எவ்வளவு?
(இ) சீசனில் அறையைக் காலி செய்யச் சொல்வார்களா? வாடகை ஏறுமா?
(ஈ) பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா?
(உ) ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கைகொடுக்கும் இரண்டாவது தொழில் எது?
(ஊ) வேலை முடிந்த மாலை நேரத்தில் யாரோடு, எங்கே இருப்பேன்?
(எ) வண்டி கொண்டு போனால் இ-பாஸ் வேண்டுமா? உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வந்த முறை இது. போகும்போது விதி எப்படி என்று பார்த்துக்கொள்ளவும்.

இந்த ஏழில் ஐந்துக்காவது தெளிவான விடை இருந்தால் சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். விடிந்ததும் மேட்டுப்பாளையம்; எதிரில் மலை ரயில் நிற்கும். ஐந்துக்கு விடை இல்லையென்றால் டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். மலை எங்கேயும் ஓடிவிடாது.

ஏழிலும் கடினமானது (ஊ)தான். அதற்கு எந்த மேனேஜரும் விடை தரமுடியாது. முதல் வாரத்திலேயே ஒரு நூலகம், ஒரு மைதானம், ஒரு டீக்கடை, ஒரு நல்ல மனிதர் என்று நான்கையும் தேடிக்கொண்டவர் ஜூலை மழையில் பெட்டி கட்டமாட்டார். கடலோரத்துப் பிள்ளைகள் காற்றையும் அலையையும் பார்த்துப் பழகியவர்கள். மூடுபனியையும் படித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது. போகும் தோழர்கள் அனைவருக்கும் வாழ்த்துக்கள். போனவர்கள் அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு அங்கே ஒரு விலாசமாக இருங்கள்.